கண்ணாடியில் ஒட்டும் வட்டம்

கலேயில் கப்பலை விட்டு இறங்கி மோட்டார்வேயைப் பிடித்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பாரிஸ் வந்துவிடும். வடக்கிலிருந்து வரும் ஏ1 நெடுஞ்சாலை முடிகிற இடத்துக்குப் பேரே போர்த் த லா சப்பல். அங்கிருந்து தமிழ்க் கடைத்தெரு கூப்பிடு தூரம். ஆனால் அதற்குச் சில கிலோமீட்டர் முன்பே, சாந்-தெனி அருகில், ஏ86 என்ற சுற்றுச்சாலையைக் கடந்திருப்பீர்கள். அங்கே கேட் இல்லை, டோல் பூத் இல்லை, யாரும் கையைக் காட்டி நிறுத்துவதும் இல்லை. அந்த வளையத்துக்கு உள்ளே இருப்பதெல்லாம் குறைந்த உமிழ்வு மண்டலம், அதாவது புகை அதிகம் விடும் பழைய வண்டிகளைத் தடுக்கும் பகுதி. முன்கண்ணாடியின் மூலையில் ஒரு சிறிய வட்ட ஸ்டிக்கர் இல்லாமல் வேலைநாளில் உள்ளே போனால் காருக்கு 68 யூரோ அபராதம். கார் புத்தம் புதியதாக இருந்தாலும் அதே 68 தான்.

இதில் ஸ்டிக்கர் வாங்குவது பெரிய வித்தையே இல்லை. எந்த நாடு எதைக் கேட்கிறது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதில்தான் குழப்பம் வருகிறது. சுவிஸ் மோட்டார்வேக்கு 40 ஃபிராங்க் கொடுத்து வாங்கும் வின்யெட்டை ஒட்டிவிட்டு, "எங்கள் காரில் ஸ்டிக்கர் இருக்கிறதே" என்று ஜெர்மனிக்குள் போகிறவர்கள் உண்டு. அது சாலை வரி. புகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆஸ்திரியாவின் வின்யெட்டும் அப்படித்தான். அதே மாதிரி ஃபிரெஞ்சு ஸ்டிக்கர் ஜெர்மனியில் செல்லாது, ஜெர்மன் ஸ்டிக்கர் ஃபிரான்சில் செல்லாது. ஒன்றை ஒன்று ஏற்றுக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு. ஜெனீவா தன் சொந்த ஸ்டிக்கர் வைத்திருந்தாலும், மாசு கூடும் நாட்களில் ஃபிரெஞ்சு ஸ்டிக்கரையும் ஏற்கிறது. ஆனால் ஜெனீவாவின் ஸ்டிக்கரைக் காட்டி ஃபிரான்சுக்குள் போக முடியாது.

ஆக, புறப்படும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: போகிற ஊர் ஒட்டச் சொல்கிறதா, இணையத்தில் பதியச் சொல்கிறதா? ஃபிரான்சும் ஜெர்மனியும் ஒட்டச் சொல்பவை. பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப், லண்டன், பார்சிலோனா ஆகியவை வெளிநாட்டுக் காரைப் பதியச் சொல்பவை. அங்கே கேமரா நம்பர் பிளேட்டைத்தான் படிக்கும், கண்ணாடியை அல்ல.

முதலில் காரின் புத்தகம்

எந்த ஸ்டிக்கராக இருந்தாலும் அதன் நிறத்தைத் தீர்மானிப்பது மூன்று விவரங்கள்: எரிபொருள், முதல் பதிவு நாள், காரின் யூரோ தரம். மூன்றும் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. (யூரோ என்றால் பணமும் உண்டு, புகைத் தரமும் உண்டு; தரத்தின் எண் கூடக் கூடப் புகை குறைவு. இந்தக் கட்டுரையில் எண் பின்னால் வந்தால் தரம், முன்னால் வந்தால் பணம்.)

ஐரோப்பிய நாடுகளின் பதிவுப் புத்தகங்களில் கட்டங்களுக்கு ஒரே மாதிரி எழுத்துக் குறி போட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் லாக்புக்கும் அந்த முறைதான். முதல் பதிவு நாள் 'பி' என்ற கட்டத்தில் இருக்கும். இது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து. எரிபொருள் 'பி.3'-ல் இருக்கும், இந்தப் 'பி' பதினாறாம் எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால், தொலைபேசியில் யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போது கவனம். யூரோ தரம் இருக்க வேண்டிய இடம் 'வி.9'.

'இருக்க வேண்டிய' என்று சொல்வதற்குக் காரணம், பழைய புத்தகங்கள் பலவற்றில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான். சிலவற்றில் "யூரோ 5" என்று நேராகவே எழுதியிருக்கும். சிலவற்றில் ஒரு சட்ட எண் மட்டும் இருக்கும். 715/2007 என்று தொடங்கினால் அது யூரோ 5 அல்லது யூரோ 6. அந்த இரண்டு தரங்களையும் கொண்டுவந்த ஒழுங்குவிதியின் எண் அது. 70/220 என்று தொடங்கி, 98/69 அல்லது 2003/76 என்ற எண்ணோடு 'பி' என்ற எழுத்து (இரண்டாம் எழுத்து) சேர்ந்திருந்தால் யூரோ 4.

வி.9 காலியாக இருந்தால் முதல் பதிவு நாளை வைத்துத் தரத்தைக் கணக்கிடுவார்கள். இந்த இடத்தில்தான் பலர் தேவையில்லாமல் நஷ்டப்படுகிறார்கள். புதிய யூரோ தரம் ஒன்று வரும்போது அது முதலில் புதிதாக அங்கீகாரம் பெறும் மாடல்களுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து விற்பனைக்கு வரும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாகும். யூரோ 4 எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது 2006 ஜனவரியில். யூரோ 5 வந்தது 2011 ஜனவரியில். தேதிக் கணக்கு இந்த இரண்டாம் தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பே புதிய தரத்தில் செய்த கார்கள் தெருவுக்கு வந்துவிட்டன.

ஒரு டீசல் கார் 2010 மார்ச்சில் பதிவானது என்று வையுங்கள். வி.9 காலி. ஃபிரான்ஸ் தேதியைப் பார்த்து "2006-க்கும் 2010-க்கும் இடையில், எனவே யூரோ 4" என்று முடிவு செய்து ஆரஞ்சு நிறத்தில் 3 என்று எண் போட்ட ஸ்டிக்கரைக் கொடுக்கும். 2025 ஜனவரி முதல் பாரிஸில் 3-க்கு வேலைநாள் பகலில் இடமில்லை. அதே காரின் வி.9-ல் 715/2007 என்று இருந்தால் அது யூரோ 5, மஞ்சள் நிற 2, உள்ளே போகலாம். ஒரே இன்ஜின், ஒரே புகை. ஒரு கட்டம் நிரம்பியிருப்பதுதான் வித்தியாசம். ஜெர்மனியிலும் இதே கதை. 2005 அக்டோபரில் பதிவான டீசல் தேதிப்படி மஞ்சள், தரம் யூரோ 4 என்று நிரூபித்தால் பச்சை. மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு கொலோனிலோ பெர்லினிலோ மண்டலத்துக்குள் நுழைய முடியாது.

இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் கார் உங்களுடையது என்றால், கார் தயாரித்த நிறுவனத்திடம் இணக்கச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். சேசி நம்பரைக் கொடுத்தால் தருவார்கள். பெரும்பாலும் கட்டணம் உண்டு, சில வாரங்கள் ஆகும். அதில் யூரோ தரம் எழுத்தில் இருக்கும். விண்ணப்பத்தோடு அதையும் ஸ்கேன் செய்து இணைத்தால் தேதிக் கணக்குக்கு வேலை இருக்காது. 2012 பெட்ரோல் கார், 2018 டீசல் கார் என்று வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். உங்களுக்கு எங்கும் தடை இல்லை, ஒட்ட வேண்டியதை ஒட்டினால் போதும்.

ஃபிரான்ஸ்: கிரிட்ஏர்

ஃபிரெஞ்சு ஸ்டிக்கரின் பெயர் கிரிட்ஏர். 2016-ல் வந்தது. மின்சாரம், ஹைட்ரஜன் வண்டிக்குப் பச்சை. பிறகு 1 ஊதா, 2 மஞ்சள், 3 ஆரஞ்சு, 4 கருஞ்சிவப்பு, 5 சாம்பல். பெட்ரோல் கார் 2011 முதல் என்றால் 1, 2006 முதல் 2010 வரை 2, 1997 முதல் 2005 வரை 3. டீசல் 2011 முதல் 2, 2006 முதல் 2010 வரை 3, 2001 முதல் 2005 வரை 4, 1997 முதல் 2000 வரை 5. டீசல் எவ்வளவு புதியதானாலும் 1 கிடைக்காது. பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கும் கேஸில் ஓடுவதற்கும் 1. 1997-க்கு முந்தைய கார்களுக்கு ஸ்டிக்கரே கிடையாது.

மோட்டார் சைக்கிளுக்கும் கட்டாயம். ஜெர்மனியில் இரு சக்கர வண்டிக்கு விலக்கு என்பதால், அங்கிருந்து பைக்கில் வருகிறவர்கள் இதில் ஏமாந்துவிடுவார்கள்.

ஜெர்மனியில் கடையில் நின்று வாங்குவது போல ஃபிரான்சில் வாங்க முடியாது. பெட்ரோல் பங்கில் கிடையாது, கலே துறைமுகத்தில் கிடையாது, போஸ்ட் ஆபீஸிலும் கிடையாது. அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துத் தபாலில் பெறுவது ஒன்றே வழி. முகவரி ஜி-ஓ-யு-வி, புள்ளி, எஃப்-ஆர் என்று முடிந்தால்தான் அது அரசுத் தளம். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை. அவர்களும் கடைசியில் அதே தளத்தில்தான் விண்ணப்பிப்பார்கள். அரசு விலை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பும் தபால் செலவையும் சேர்த்தே 5 யூரோவை ஒட்டி வரும். ஒரு தளம் 25, 30 யூரோ கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் முதலில் எந்த நாட்டில் பதிந்த வண்டி என்று கேட்கும். வெளிநாடு என்று தேர்ந்தெடுத்தால் பதிவுப் புத்தகத்தின் ஸ்கேன் கேட்கும். மொபைலில் எடுத்த படமே போதும், ஆனால் நான்கு மூலையும் தெரிய வேண்டும், ஃப்ளாஷ் வெளிச்சம் எழுத்தின் மேல் விழக்கூடாது. படம் பெரிய கோப்பாக இருந்தால் தளம் ஏற்காது, சுருக்கி ஏற்றுங்கள். பிரிட்டிஷ் லாக்புக்கில் வண்டி விவரம் உள்ள பக்கமும் பெயர், முகவரி உள்ள பக்கமும் தேவைப்படும். ஆள் பார்த்துச் சரிபார்க்கிற வேலை இது. மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் ஒரு வாரம் போகும்.

நம்பரை அடிக்கும்போது ஓ என்ற எழுத்தும் சுழி என்ற எண்ணும் மாறிப்போவதுதான் வழக்கமான தவறு. 2001-க்குப் பின் வந்த பிரிட்டிஷ் நம்பரில் முதல் இரண்டும் கடைசி மூன்றும் எழுத்துகள். மூன்றாவதும் நான்காவதும் மட்டும் எண்கள். எல்-ஓ-6-0 என்று தொடங்கும் நம்பரில் இரண்டாவது ஓ, நான்காவது சுழி. தவறான நம்பரோடு அச்சாகி வந்த ஸ்டிக்கர் உங்கள் காருக்குச் செல்லாது. திருத்தித் தர மாட்டார்கள், மறுபடி பணம் கட்டி மறுபடி காத்திருக்க வேண்டும். அடித்த நம்பரை லாக்புக்கோடு வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்துங்கள்.

வெளிநாட்டு முகவரிக்கு வந்து சேர 30 நாள் வரை ஆகலாம். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. தாமதமாகிவிட்டால், விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் மின்னஞ்சலில் வரும் ரசீதை அச்செடுத்துக் காரில் வைத்திருங்கள், ஸ்டிக்கர் வரும்வரை அதைக் காட்டலாம். பணம் கட்டிய வங்கிச் சீட்டைக் காட்டிப் பயன் இல்லை. வண்டி நம்பரும் வகுப்பும் அச்சிட்ட அந்தத் தாள்தான் வேண்டும்.

பாரிஸில் காருக்கான கட்டுப்பாடு திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் இரவு 8 வரை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் காருக்குத் தடை இல்லை. லா சப்பல் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் ஞாயிற்றுக்கிழமையில் நடப்பதால், தேர் பார்க்க மட்டும் வந்து அன்றிரவே திரும்பும் பழைய காருக்கு மண்டலத்தால் தொல்லை வராது. வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்து இறங்குகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும்.

வேன் அமர்த்திக் கூட்டமாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து 9 இருக்கை வரை உள்ள வண்டி சட்டத்தின் கண்ணில் கார்தான். புத்தகத்தில் எம்1 என்று இருக்கும். 16 இருக்கை மினிபஸ் பஸ் கணக்கில் வரும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் வாரத்தின் ஏழு நாளும் 8 முதல் 8 வரை கட்டுப்பாடு உண்டு, அபராதமும் 135 யூரோ. ஞாயிற்றுக்கிழமை கார்களுக்கு விலக்கு என்பதை நம்பிப் பழைய மினிபஸ்ஸில் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தால், தேரடிக்குப் போகும் முன்பே மாட்டிக்கொள்ளலாம்.

லியோன் இன்னும் கறார். அங்கே நாள் முழுக்க, வாரம் முழுக்கக் கட்டுப்பாடு. இதற்கிடையில் 2025 ஜூன் 17 அன்று ஃபிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை இந்த மண்டலங்களை நீக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தது. அன்றைக்கே "இனி ஸ்டிக்கர் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியை நம்பிக் கிளம்பியிருந்தால் அபராதம் கட்டியிருப்பீர்கள். கீழவை வாக்கு மட்டும் சட்டமாகிவிடாது. போகிற வாரத்தில் அந்தந்த நகராட்சித் தளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மண்டலம் எடுபட்டாலும் மாசு கூடும் நாட்களில் ஸ்டிக்கர் வகுப்பைப் பார்த்து வண்டிகளை நிறுத்தும் தற்காலிகக் கட்டுப்பாடு தனி ஏற்பாடு. 5 யூரோவுக்காக ஸ்டிக்கரைத் தவிர்ப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

ஜெர்மனி: உம்வெல்ட்பிளாகெட்டே

ஜெர்மனியில் 2008 ஜனவரி 1 அன்று பெர்லின், கொலோன், ஹானோஃபர் மூன்றும் முதலில் தொடங்கின. உம்வெல்ட்பிளாகெட்டே என்ற ஜெர்மன் ஸ்டிக்கரில் சிவப்பு 2, மஞ்சள் 3, பச்சை 4 என்று மூன்று நிறம். சிவப்பும் மஞ்சளும் இன்று காகிதத்தில்தான் உயிரோடு இருக்கின்றன. நடைமுறையில் பச்சை இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

பச்சை வாங்குவது ஃபிரான்சை விட எளிது. பெட்ரோல் கார் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள யூரோ 1 போதும். வெளிநாட்டுக் காருக்கு 1993 ஜனவரிக்குப் பின் பதிவானதா என்று பார்ப்பார்கள். டீசலுக்கு யூரோ 4, தேதிப்படி என்றால் 2006 ஜனவரி. இந்த ஸ்டிக்கர் பிறந்தது புகைத் துகளைக் குறைக்க. நைட்ரஜன் ஆக்சைடை அது கணக்கில் எடுக்கவில்லை. பெட்ரோல் இன்ஜின் துகள் அதிகம் விடாது என்பதால் முப்பது வயதுக் காருக்கும் பச்சை கிடைத்துவிடுகிறது. யூரோ 3 டீசலில் பின்னால் துகள் வடிகட்டி பொருத்தி அதற்குச் சான்று இருந்தால் அதற்கும் பச்சை உண்டு.

அதே காரணத்தால்தான் பச்சை ஒட்டிய டீசல் கார் சில ஊர்களில் தடுக்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுக்காகப் போட்ட டீசல் தடை ஸ்டிக்கரைப் பார்ப்பதில்லை. மியூனிக்கில் 2023 பிப்ரவரி முதல் மிட்லரர் ரிங் சுற்றுச்சாலையிலும் அதன் உள்ளேயும் யூரோ 4 டீசலுக்குத் தடை. ஷ்டுட்கார்ட்டிலும் பழைய டீசலுக்குத் தனித் தடை உண்டு. பச்சை வட்டத்தை நம்பி 2008 டீசலை மியூனிக் நடுவில் ஓட்டாதீர்கள்.

வாங்கும் இடங்கள் தாராளம். ட்யூஃப், டெக்ரா போன்ற பரிசோதனை நிலையங்கள், புகைப் பரிசோதனை செய்ய அனுமதி பெற்ற மெக்கானிக் ஷாப்புகள், வாகனப் பதிவு அலுவலகம். பதிவுப் புத்தகத்தை நீட்டினால் பார்த்துவிட்டு, பச்சை ஸ்டிக்கரில் உங்கள் நம்பரை எழுதித் தருவார்கள். ஐந்து, பத்து நிமிட வேலை, பத்து யூரோவுக்குள் முடியும். நிலையம் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஸ்டிக்கர் வாங்கப் போகும் வழிக்கு விலக்கு இல்லை. முன்கூட்டியே இணையத்தில் வாங்க விரும்பினால் ட்யூஃப் போன்றோர் ஸ்கேனைப் பார்த்துத் தபாலில் அனுப்புவார்கள், விலை கொஞ்சம் கூடும். இங்கேயும் மூன்று மடங்கு வாங்கும் இடைத்தரகர்கள் உண்டு.

ஸ்டிக்கர் இல்லாமல் மண்டலத்தில் பிடிபட்டால் 100 யூரோ, அதோடு நிர்வாகச் செலவு கிட்டத்தட்ட 28. ஓட்டும்போதுதான் பிடிப்பார்கள் என்று இல்லை. தெருவோரம் நிறுத்தியிருக்கும் காரின் கண்ணாடியைப் பார்த்தே பார்க்கிங் ஊழியர் எழுதிவிட்டுப் போய்விடுவார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 70 யூரோவும் அதற்கு மேலும் உள்ள அபராதத்தை உங்கள் நாட்டு அதிகாரிகள் வழியாகவே வசூலிக்க ஏற்பாடு இருக்கிறது. 100 யூரோ அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

மின்சாரக் காருக்கும் பச்சை வேண்டும். புகையே வராத வண்டிக்குப் புகை ஸ்டிக்கரா என்று யாரும் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

மண்டலம் தொடங்கும் இடத்தில் சிவப்பு வளையத்துக்குள் 'உம்வெல்ட்' (சுற்றுச்சூழல்), கீழே 'ட்ஸோன' (மண்டலம்) என்று ஒரு பலகை. அதன் கீழே சின்னப் பலகையில் பச்சை வட்டத்தில் 4, பக்கத்தில் 'ஃப்ரை'. அதாவது பச்சைக்கு அனுமதி. சில ஊர்கள் பலகையைக் கழற்றிவிட்டன. கார்ல்ஸ்ரூஹ 2023-ல், ஹானோஃபர் 2024-ல். எடுத்த ஊர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, ஆனால் பெர்லின், கொலோன், ரூர் பகுதி இன்னும் அப்படியே.

ரூர் பகுதி என்று சொன்னது காரணத்தோடுதான். ஹாம்-உயென்ட்ரோப் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு பிரிட்டன், நெதர்லாந்து, ஃபிரான்ஸ் என்று எங்கிருந்தோ கார்கள் வருகின்றன. ஹாம் நகரத்தில் மண்டலமே இல்லை, ஏ2 மோட்டார்வேயின் ஹாம்-உயென்ட்ரோப் வெளிவழியில் இறங்கினால் கோயில் பக்கத்தில்தான். மண்டலங்களை ஊடறுத்துப் போகும் மோட்டார்வேகளுக்கும் ரூரில் விலக்கு உண்டு. ஆக, கோயிலுக்கு மட்டும் போய்த் திரும்பினால் பச்சை தேவையே இல்லை. சிக்கல் இரவில் வருகிறது. தங்குவது டோர்ட்முண்டில் மச்சான் வீடு, எஸனில் அத்தை வீடு என்றால், மோட்டார்வேயை விட்டு இறங்கிய சில தெருக்களில் பலகை வந்துவிடும். டுய்ஸ்புர்க் முதல் டோர்ட்முண்ட் வரை ஒரே பெரிய மண்டலம், 2014 ஜூலையிலிருந்து பச்சை மட்டும்.

ஸ்டிக்கர் இல்லாத ஊர்கள்

கலேயிலிருந்து ஹாம் போகும் வழியில் பெல்ஜியம் இருக்கிறது. ஆன்ட்வெர்ப்பில் 2017 முதல், பிரஸ்ஸல்ஸில் 2018 முதல், ஹென்ட் நகரில் 2020 முதல் மண்டலம் உண்டு. ஆன்ட்வெர்ப்பின் ஆர்1, பிரஸ்ஸல்ஸின் ஆர்0 சுற்றுச்சாலைகள் மண்டலத்துக்கு வெளியே. அதில் நேரே போய்விட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஊருக்குள் சாப்பிட இறங்கினால் காரை முன்கூட்டியே இணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலவசம். உங்கள் கார் தடையில்லாத வகுப்பாகவே இருந்தாலும் பதியாவிட்டால் அபராதம் வரும், ஏனென்றால் பிரிட்டிஷ் நம்பருக்குப் பின்னால் என்ன இன்ஜின் இருக்கிறது என்று பெல்ஜியக் கேமராவுக்குத் தெரியாது. நெதர்லாந்து நம்பருக்கு மட்டும் பதிவு வேண்டாம்.

பாரிஸிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ லண்டனுக்கு வருகிறவர்களுக்கும் அதே விதி. யூலெஸ் என்ற லண்டன் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் அந்நகரின் எல்லாப் பரோக்களையும் (நகரப் பிரிவுகளையும்) சேர்த்துக்கொண்டது, வெம்ப்ளி, டூட்டிங் உட்பட. பெட்ரோல் யூரோ 4, டீசல் யூரோ 6 இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு, நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள். இரவு 11 மணிக்கு நுழைந்து 1 மணிக்கு வெளியேறினால் இரண்டு நாள் கட்டணம். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விடுமுறை. வெளிநாட்டுக் கார் தரமானதாகவே இருந்தாலும் முன்பே பதிந்து அதை நிரூபிக்க வேண்டும், இரண்டு வாரம் முன்னதாகச் செய்வது நல்லது. ஃபிரான்சில் மஞ்சள் 2 ஒட்டியிருக்கும் 2013 டீசல் யூரோ 5 தான், லண்டனில் அது கட்டணம் கட்ட வேண்டிய வண்டி. இரண்டு ஊரின் கோடும் ஒன்றல்ல.

ஒட்டும்போது

ஃபிரான்ஸ், ஜெர்மனி இரண்டும் சொல்வது முன்கண்ணாடியின் உள்பக்கம், வலது கீழ் மூலை. இடதுபக்கம் ஸ்டீயரிங் உள்ள கார்களை நினைத்து எழுதிய விதி அது, அங்கே வலது என்றால் பயணி பக்கம். பிரிட்டிஷ் காரில் வலது மூலை ஓட்டுநருக்கு நேர் முன்னால் வரும். முடிந்தவரை மூலையோடு ஒட்டினால் பார்வையை மறைக்காது, கருப்புப் புள்ளிக் கரை முடிந்து கண்ணாடி தெளியும் இடத்தில் வைத்தால் வெளியிலிருந்து படிக்கவும் முடியும். கரையின் மேலேயே ஒட்டிவிட்டால் நம்பர் தெரியாது.

வண்ணப் பக்கம்தான் பசை உள்ள பக்கம். அது வெளியே பார்க்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்து, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்துங்கள். கோணலாக ஒட்டிவிட்டோம் என்று பிய்த்து மறுபடி ஒட்டப் பார்க்காதீர்கள். வேறு வண்டிக்கு மாற்றாமல் இருக்க, பிய்த்தால் கிழியும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். செல்லோ டேப்பில் தொங்கவிடுவதும், டாஷ்போர்டில் வைப்பதும் ஒட்டியதாகக் கணக்கில் வராது.

ஜெர்மன் ஸ்டிக்கரில் நம்பரைப் பேனாவால் எழுதித் தரும் இடத்தில், வெயிலில் மங்காத மையா என்று கேளுங்கள். இரண்டு கோடை போனால் சாதாரண மை வெளுத்துவிடும். நம்பர் படிக்க முடியாத ஸ்டிக்கர், ஸ்டிக்கர் இல்லாததற்குச் சமம். பழைய ஸ்டிக்கர் உள்ளவர்கள் ஒரு முறை காரின் வெளியே நின்று படித்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் காலாவதித் தேதி இல்லை. ஆனால் அவை நம்பர் பிளேட்டோடு கட்டுண்டவை. தனி நம்பர் வாங்கி மாற்றினாலோ, காரை வேறு நாட்டில் பதிந்தாலோ, கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினாலோ புதிதாக வாங்க வேண்டும். கண்ணாடி மாற்றும் கடைக்காரர் டோல் வின்யெட்டைப் பற்றிக் கேட்பார், இதைப் பற்றிப் பெரும்பாலும் கேட்க மாட்டார்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: நம்பர் கையில் சாவி வரும்வரை தெரியாது, எனவே முன்கூட்டி விண்ணப்பிக்க வழியில்லை. ஃபிரான்சில் எடுத்த காரில் கிரிட்ஏர் இருக்கும், ஜெர்மனியில் எடுத்ததில் பச்சை இருக்கும்; எல்லை தாண்டும்போதுதான் பிரச்சினை. ஆம்ஸ்டர்டாமில் எடுத்த காரோடு டுய்ஸ்புர்க் போனால், மண்டலத்துக்கு வெளியே உள்ள ஏதாவது ட்யூஃப் நிலையத்தில் காரின் புத்தக நகலைக் காட்டி பச்சை வாங்கிக்கொள்ளலாம். அந்த நகல் காரில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். அதே காரோடு பாரிஸ் போனால் உடனடி வழி எதுவும் இல்லை. முன்பதிவு செய்யும்போதே கிரிட்ஏர் ஒட்டிய கார் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காரை ஏ86-க்கு வெளியே நிறுத்திவிட்டு ரயிலில் உள்ளே போங்கள்.